செயலாளரின் ஆண்டறிக்கை – நாற்காலிகள் உட்பட

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போகும். அதற்கும் செலவு உண்டு என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. ஏப்ரல் 7, உலக சுகாதார தினத்தன்று நடைப்பயணம் நடந்தது. ஜூன் 14, உலக இரத்த தான தினத்தையொட்டி இரத்த தான முகாம் நடந்தது. கண் பரிசோதனை முகாம் வழக்கம்போல் நடந்தது. முதலுதவிப் பயிற்சி, பயிற்றுநருக்குத் தேதி ஒத்துவராததால், தள்ளிப்போயிருக்கிறது.

இனி இரத்த அழுத்தத் தொடர் கவனிப்புத் திட்டம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், இதைப் பற்றி வெளியே பேசப்படுவது அதிகம், கூட்டத்தில் கேட்கப்படுவது குறைவு.

நாம் பல ஆண்டுகளாக ஒருநாள் முகாம் நடத்தி வருகிறோம். பேனர் கட்டுவோம், கூட்டம் வரும், படம் எடுப்போம், நன்கொடையாளருக்கு அனுப்புவோம். அழுத்தம் அதிகமாக இருந்தவரிடம் "டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்புவோம். அவர் பார்த்தாரா என்று யாரும் கேட்டதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது என்ன? இரண்டு வெவ்வேறு நாட்களில் அளந்து, இரண்டு நாளும் மேல் அளவு 140 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் கீழ் அளவு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் உயர் இரத்த அழுத்தம் என்று முடிவு செய்யலாம். அப்படியென்றால் ஒரே ஒரு நாள் நடக்கும் முகாமில் அதை உறுதி செய்யவே முடியாது. நாம் இத்தனை நாள் பாதி வேலையைச் செய்துவிட்டு முழு வேலைக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தோம்.

உலக அளவில் இந்த நோய் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. பெரும்பாலும் தலை வலிக்காது, மயக்கம் வராது. தெரிந்தவர்களிலும் "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அதனால்தான் இந்த ஆண்டு ஒரு பதிவேடு தொடங்கினோம். முதல் முறை அதிகமாக இருந்தவரை மறுபடி அழைத்து அளப்பது, மருத்துவரிடம் போனாரா என்று விசாரிப்பது, மாத்திரை தொடர்கிறாரா என்று கேட்பது. அவ்வளவுதான் திட்டம். படம் எடுக்க இதில் ஒன்றும் இல்லை. மறு அளவுக்கு வரச் சொன்னால் பாதிப் பேர் வருவதில்லை. தொலைபேசியில் பேச வேண்டியிருக்கிறது, சிலர் வீட்டுக்கே போக வேண்டியிருக்கிறது. போனது யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சரி, நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். "சுகாதார நிதியில் நாற்காலி வாங்கிய செயலாளர்" என்று ஒரு பேச்சு உலவுவதாகக் கேள்விப்பட்டேன். வாங்கினது உண்மை. முதுகு சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகுதான் அழுத்தம் அளக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். பெஞ்சில் முதுகுச் சாய்மானம் இல்லாமல், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். இல்லாத நோயை ஒருவர் தலையில் கட்டுவதைவிட நாற்காலி மலிவு என்பது என் கணக்கு. அதே நாற்காலிகளில்தான் மாலையில் தனியாக வசிக்கும் முதியவர்கள் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். அதற்கும் ஆட்சேபம் வந்தது. 1946-இல் எழுதி 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டமே, நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழு நலம் வேண்டும் என்கிறது. பேச ஆள் இருப்பது அதில் அடங்காதா என்று ஆட்சேபித்தவர்தான் சொல்ல வேண்டும்.

நன்கொடையாக வந்த அளவுக் கருவிகளுக்கு நன்றி. ஆனால் எல்லாவற்றிலும் கைப்பட்டை ஒரே அளவுதான். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் அதுவும் அளவைக் கூட்டித்தான் காட்டும். பெரிய பட்டை வாங்கவும், பேட்டரி மாற்றவும், கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கவும் அந்த நன்கொடையில் இடமில்லை. கருவிக்கென்று வந்த பணம் கருவிக்கு மட்டும்தான். பெயர் பொறிக்கும் தகட்டுக்கு மட்டும் இடம் இருந்தது.

இன்னொரு நன்கொடையாளர் தரப்பில், பதிவேட்டில் உள்ளவர்களின் பெயர்ப் பட்டியலும் படங்களும் கேட்டார்கள். மறுத்தோம். எத்தனை பேர் என்று சொல்லலாம், யார் யார் என்று சொல்ல முடியாது. நோயை நம்மை நம்பிச் சொன்னவர்கள் விளம்பரத்துக்குச் சம்மதித்தவர்கள் அல்ல. அந்த நிதி வரவில்லை. செயற்குழுவில் இதற்காக வருத்தப்பட்டவர்கள் உண்டு. நான் அதில் சேரவில்லை.

"தொடர்ந்து செலவு வைக்கும் திட்டம் நமக்கெதற்கு, ஒரு தடவை கொடுத்தோமா முடித்தோமா என்று இருக்க வேண்டும்" என்று ஒரு மூத்த உறுப்பினர் சொன்னார். அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மலம் கலந்த மண் வழியாகப் பரவும் கொக்கிப்புழு என்ற குடற்புழுவை ஒழிக்க 1909-இல் எண்ணெய்த் தொழிலதிபர் ராக்ஃபெல்லர் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். மருந்து வேலை செய்தது. கழிப்பறை இல்லாத இடங்களில் புழு திரும்ப வந்தது. ரோட்டரி சங்கம் 1985-இல் போலியோ ஒழிப்புக்கு நிதி திரட்டத் தொடங்கியது, இன்னும் நிறுத்தவில்லை. 1988-இல் 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்த நோய் இன்று 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. அந்தப் பணம் தடுப்பு மருந்துக்கு மட்டும் போகவில்லை. ஊழியர்களின் போக்குவரத்துக்கும், புதிதாக யாருக்காவது நோய் வந்திருக்கிறதா என்ற கண்காணிப்புக்கும் போனது. நம்முடையது அதன் நகத்தளவுகூட இல்லை. ஆனாலும் தொலைபேசிக் கட்டணத்தை வீண் செலவு என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் படிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, செலவு சற்று அதிகம், கையிருப்பு கவலைப்படும் அளவுக்கு இல்லை, நிம்மதியாக இருக்கும் அளவுக்கும் இல்லை. இருப்பதில் பெரும் பகுதி குறிப்பிட்ட காரியத்துக்கென்றே வந்தது; அதைத் தொட முடியாது. நம் விருப்பப்படி செலவழிக்கக்கூடியது சந்தாப் பணம் ஒன்றுதான். அப்புறம், அதுதான் வரவில்லை.

சந்தா பாக்கிப் பட்டியலை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், கட்டுப்படுகிறேன். பட்டியல் நீளம் என்பதை மட்டும் சொல்கிறேன். மூன்று ஆண்டு பாக்கி வைத்துக்கொண்டு செலவுச் சீட்டு கேட்டவர்களும் அதில் இருக்கிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை. சீட்டுகள் கோப்பில் இருக்கின்றன, நாற்காலிச் சீட்டு முதலில் இருக்கிறது. கூட்டங்களுக்கு வருவோர் எண்ணிக்கை பற்றி, தேவையான உறுப்பினர் வரும் வரை காத்திருந்தவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இலவசமாக நேரம் தந்த மருத்துவர், செவிலியர், இடம் தந்த பள்ளி நிர்வாகம், தன்னார்வத் தொண்டர்கள், கணக்குத் தணிக்கை செய்தவர், அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். பதிவேட்டில் உள்ளவர்களை ஆறு மாதம் அழைத்துவிட்டு நிறுத்தினால், ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம். தொலைபேசி, போக்குவரத்து, பேட்டரி ஆகியவற்றுக்கு மாதாமாதம் சிறு தொகை உறுதியாக வர வேண்டும். பெரிய நன்கொடை தேடிப் போக எனக்கு வயதும் இல்லை, முகமும் இல்லை. செயலாளர் பதவிக்கு என் பெயரை யாரும் முன்மொழிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யார் வந்தாலும் பதிவேட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லித் தரத் தயார். வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கக்கூடிய இரண்டு பேர் முன்வந்தால் இன்றே தொடங்கலாம்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் வாசலருகில்தான் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்