கொலன்னாவையின் கூரைகளுக்கிடையே ஒரு பாதை: தொலைத்தொடர்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகி, கொழும்பை அடுத்த கொலன்னாவையையும் வெல்லம்பிட்டியையும் மூழ்கடித்ததைத் தாங்கள் அறிவீர்கள். 2016 மே மாதத்திலும் இதே பகுதி மூழ்கியது. ஆகவே அந்த நாட்களை விவரிக்காமல், எங்கள் ஒழுங்கையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

என் பெரியம்மா மேல்மாடியில் அகப்பட்டிருந்தார். அவருடைய இன்சுலின் தீர்ந்திருந்தது. அவரது மகன் மருந்தோடு, மேட்டில் இருந்த பாடசாலை முகாமில் நின்றார். இடையில் இருந்தது 600 மீற்றர் தண்ணீர். இருவரது கைத்தொலைபேசிகளிலும் சார்ஜ் இருந்தது. ஆனால் மின்சாரம் நின்ற சில மணி நேரத்தில் கோபுரமும் நின்றுவிட்டது. அந்த 600 மீற்றருக்குள் மாடிக்கு மாடி ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும், அடுத்த வீட்டுத் தொலைபேசியோடு வைஃபை மூலம் நேரே பேசக்கூடிய கருவி இருந்தது. அத்தனை கருவிகளும் இல்லாத கோபுரத்தையே தேடித் தேடித் தம் மின்கலத்தைத் தீர்த்துக்கொண்டன. மறுநாள் மாலை படகு வந்தபோது பெரியம்மா மயங்கிக் கிடந்தார். உயிர் தப்பியது, ஆனால் பல நாட்கள் வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தது.

கோபுரம் இல்லாமல், கருவிகளே ஒன்றின் செய்தியை ஒன்று வாங்கி அடுத்ததிடம் சேர்க்கும் வலையமைப்பை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பா 1970களிலேயே சோதித்துப் பார்த்தது. 2003இல், இணையத்துக்கான தொழில்நுட்ப நெறிமுறைகளை வகுக்கும் இணையப் பொறியியல் செயலணி, இத்தகைய வலையமைப்புக்கான ஏஓடிவி, ஓஎல்எஸ்ஆர் என்னும் இரு வழிப்படுத்தல் நெறிமுறைகளை, அதாவது செய்தி எந்தக் கருவிகள் வழியே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் விதிகளை, பரிசோதனை நிலை ஆவணங்களாக வெளியிட்டது. முன்னது, செய்தி அனுப்ப வேண்டிய நேரத்தில் மட்டும் "இன்னாரிடம் போக வழி உண்டா" என்று அயற்கருவிகளைக் கேட்கும். கேள்வி கைமாறிச் சென்று, பதில் திரும்பி வரும் தடமே பாதையாகும். பின்னது எல்லாப் பாதைகளையும் எந்நேரமும் புதுப்பித்து வைத்திருக்கும். அதற்கு ஓயாமல் மின்கலம் செலவாகும்.

என் கணிப்பில், எங்கள் ஒழுங்கைக்கு இவை இரண்டும் தனித்துப் போதாது. வெள்ளத்தில் மக்கள் சார்ஜை மிச்சப்படுத்தத் தொலைபேசியை அணைத்து வைப்பார்கள். இரு கூரைகளுக்கிடையே ஒரு கருவியும் எட்டாத இடைவெளி விழும். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை முழுப் பாதை ஒரே கணத்தில் இருக்கவே இருக்காது. அப்போது செய்தியைச் சேமித்து வைத்து, சுமந்து சென்று, அடுத்த கருவி எதிர்ப்படும்போது ஒப்படைக்கும் முறைதான் உதவும். ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றும் மீட்புப் படகில் ஒரு சிறு கணுவை, அதாவது செய்தியை வாங்கிச் சேமித்து அடுத்த கருவிக்குக் கொடுக்கும் சாதனத்தைப் பொருத்தினால், அந்தப் படகு சோற்றுப் பொதியோடு செய்தியையும் சுமக்கும். ஆனால் தகரக் கூரையும் செங்கற் சுவரும் அடைமழையும் உள்ள இடத்தில் ஒரு கணு எவ்வளவு தூரம் எட்டும் என்பதைக் கொழும்பில் சோதித்துத்தான் அறிய முடியும்.

அதற்காகவே, வெள்ளம் வடிந்ததும் நானும் என்னோடு வலையமைப்புப் பொறியியல் படித்த மூவரும், கூரைகளில் சில கணுக்களை வைத்துச் சோதிக்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தோம். உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளதாகப் பதில் வந்தது. இரண்டு நினைவூட்டல்களுக்கும் அதே வாசகம் வந்தது. உரிய பிரிவு எது என்று கேட்ட கடிதத்திற்குப் பதிலே இல்லை.

ஒவ்வொரு வெள்ளத்தின் பிறகும், மீண்டும் இயங்கத் தொடங்கிய கோபுரங்களின் கணக்குப் பத்திரிகைகளில் வருகிறது. அவை இயங்காத மணித்தியாலங்களில் யார் யாரை அழைக்க முயன்றார்கள் என்ற கணக்கு எங்கே? எச்சரிக்கைகள் தமிழில் வந்து சேரப் பிந்துவதைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. அதை இன்னொரு மடலில் எழுதுகிறேன். கேட்க வந்ததற்குத் திரும்ப அனுமதியுங்கள்.

நாங்கள் பணம் கேட்கவில்லை. சோதனைக்கான அலைவரிசை அனுமதியையும், இடர் முகாமைத்துவப் படகுப் பயிற்சி ஒன்றில் ஒரே ஒரு படகில் எங்கள் கணுவுக்கு இடத்தையும் கேட்கிறோம். தென்மேல் பருவமழை தொடங்குமுன் அந்த அனுமதியைத் தந்துதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். தர இயலாதெனில், ஏன் இயலாது என்பதையாவது ஒரு பொறியியலாளர் ஒப்பமிட்ட கடிதத்தில் தெரிவியுங்கள்.

பெரியம்மா இன்னும் அதே மேல்மாடியில்தான் வசிக்கிறார்.

இப்படிக்கு,
வெல்லம்பிட்டிவாசி ஒருவர்