வாசலில் இரண்டடி மண் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) சிமெண்டு லோரிகள் வரத் தொடங்கிவிடும். வாசல் முழுவதையும் மூடிக் கல் பதித்தால்தான் வீடு வீடாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள். கார் நிறுத்தலாம், கழுவித் தள்ளலாம் என்கிறார்கள். அதே வீட்டிலிருந்து மாலையில் ஒரு பிள்ளை ஓடி வந்து, அம்மா இரண்டு கொத்துக் கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னார் என்று நிற்கிறது. கொடுப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மூன்று பிள்ளைகள் வளரும் வீட்டில் ஒரு செடிக்கு மண் இல்லையே என்பது மனத்தை அறுக்கிறது.

நான் முப்பது ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே, சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஒன்றில் பிறந்தேன். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலம் இருந்தது. மஞ்சள், இஞ்சி, முருங்கை, வெற்றிலைக் கொடி, தண்ணீர்க் குழாயடியில் பண்டான். சம்பளம் எட்டாத மாதங்களில் எங்கள் குழம்புக்கு ருசி கொடுத்தது அந்த மண்தான். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது லயத்தைக் காலி செய்தோம். கட்டிலும் பானையும் லோரியில் ஏறின. கறிவேப்பிலை மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பிய ஒரு பக்கக் கன்றை வெட்டி எடுத்து, மைலோ டின்னில் வைத்து, வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் அம்மா. இன்று என் வாசலில் கூரை உயரத்துக்கு நிற்பது அதுதான்.

இரண்டடி போதும். வெயில் படும் மூலையாக, தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து விடுங்கள். பக்கத்து வீட்டில் வைத்த இரண்டு கன்றுகளும் மழைநீர் தேங்கி வேர் அழுகித்தான் போயின. விதை போடுகிறவர்கள் கறுத்துப் பழுத்த பழத்தைப் பிதுக்கி, சதையைக் கழுவி, அந்த வாரமே ஊன்றுங்கள். காயவைத்த விதை முளைப்பது அரிது. பறிக்கும்போது நுனியோடு ஒடித்தால் கிளை பெருகும். இலையை மட்டும் உருவினால் மொட்டைக் குச்சிதான் மிஞ்சும். பூங்கொத்தைக் கண்டால் கிள்ளிவிடுங்கள்.

இலையில் பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சிறு புழு ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்து அடிக்க வேண்டாம், நாளை நம் ரசத்தில் விழப்போகும் இலை அது. வளர்ந்ததும் புழு பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டை நீட்டும், ஒரு வாடையும் எழும். என் பேரன் அதற்காகவே தொடுவான். கன்றில் இருப்பதைக் கையால் எடுத்துப் பெரிய மரத்தின் தாழ்ந்த கிளையில் விட்டுவிடுவோம். பட்டாம்பூச்சியாகிப் பறக்கட்டும்.

கொத்தமல்லி வளரவில்லை என்று பலர் வருந்துகிறார்கள். நம் ஊர்ச் சூட்டில் அது இலை விடுவதற்குள் பூத்துவிடும். அதைக் குளிரான கேமரன் மலைக்கு விட்டுவிட்டு, மலாய்க்காரர்கள் கெதும்பார் ஜாவா என்று சொல்லும் முள்விளிம்பு இலையை நிழலில் வையுங்கள். அதே மணம், இன்னும் காரமாக. சந்தையில் வாங்கும் செராய் (எலுமிச்சைப்புல்) தண்டு அடிக்கட்டையோடு இருந்தால் தண்ணீரில் நிறுத்துங்கள், வேர் விடும். கற்பூரவல்லிக்கு ஒரு குச்சி போதும். அதன் சாற்றைத் தேனில் குழைத்துச் சளிக்குக் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

சித்திரையில் ஊன்றிய மஞ்சள், பொங்கல் பானையில் கொத்தோடு கட்ட வந்துவிடும். அதன் இலைக்கு உரிமைக்காரர் அடுத்த வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா. வீட்டில் கெண்டூரி விருந்து என்றால் ரெண்டாங் இறைச்சிக் கறிக்கு நான்கு இலை அறுத்துப் போவார். நான் மாட்டிறைச்சி உண்பதில்லை என்று தெரிந்து, கோழியில் தனியாகச் செய்த ஒரு மங்கு மாலையில் வந்துவிடும்.

கடையில் கிடைக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கறிவேப்பிலை வாங்கிச் சேர்த்து வைக்கும் பொருளல்ல. காயக் காய மணம் போய்விடும். கடுகு வெடித்து அடங்கிய எண்ணெயில், அப்போது பறித்த கொத்தைப் போட்டால் எழுகிற வாசம் பிளாஸ்டிக் பையில் வராது.

போன ஆண்டு பின்சந்துக் கால்வாயோரம் நான் வைத்த முருங்கையைப் புல் வெட்ட வந்தவர்கள் அடியோடு சாய்த்துவிட்டார்கள். காய்த்துத் தொங்கிய மரம். பொது இடம் என்பதால் பேச வாயில்லை. ஆகவேதான் சொந்த வாசலில் விடச் சொல்கிறேன். கொத்தனார் சிமெண்டைக் கலக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், கொட்டிய பிறகு யாரும் உடைக்கப் போவதில்லை.

பக்கக் கன்றுகள் ஐந்தை மைலோ டின்களில் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றுக்கு ஆள் சொல்லியாயிற்று. மற்ற இரண்டும் எங்கள் வரிசையில் முதலில் மண் விடும் வீட்டுக்கு.

ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்