26 நிமிடம் விளையாடியதை 131 நிமிடமாகக் கணக்கெழுதியது பற்றிய புகார்

அனுப்புநர்: ஆர்டர் எந்த மின்னஞ்சலில் இருந்து வந்ததோ, அதே ஆள். கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ₹2,499 திருப்பித் தர மூன்று முறை மறுத்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். ₹2,499 கொடுத்து வாங்கிய உங்கள் கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டு எனக்குப் பிடித்திருந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு குழல் துப்பாக்கியால் ஒரு தடவை சுட்டால் எதிரில் நின்றவன் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறான். போகிற போக்கில் இன்னும் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போகிறான். அதற்குத் தனி மதிப்பெண் வேறு. பனிமலைக் கட்டத்தில் ஹீரோ ஒரு கரடியை எட்டி உதைக்க, அது பறந்துபோய் ஹெலிகாப்டரில் மோதி வெடித்தது. வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் பக்கம் கரடி ராத்திரியில் வந்து விளக்கு எண்ணெய்க்காகக் கோயில் கதவை உடைக்கும். அதை உதைக்கிற யோசனை இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

இந்தச் சந்தோஷம் மொத்தம் 26 நிமிடம். உங்கள் கணக்கிலோ 131 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடினால் பணம் வராது என்பது உங்கள் விதி. சரி, அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது என்று பார்ப்போம்.

74 ஜிபி இறக்க இரண்டு ராத்திரி ஆனது. காற்றடித்தால் கேபிள் மேல் மரம் விழுகிற ஊர், அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆசையாகத் திறந்தால், ‘ஷேடர்கள் தயாராகின்றன’ என்று, அதாவது படக்காட்சிக்கான நிரல்களைத் தயார்செய்வதாக, ஒரு கோடு நகர்ந்தது. 34 நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் புதிதாகக் கணக்குத் தொடங்கச் சொன்னீர்கள். தனி ஆளாகக் கதை விளையாடுகிறவனுக்கு எதற்கு ஆன்லைன் கணக்கு? வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஓடிபி வர வாசலுக்குப் போய் பனிமூட்டத்தில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். அது வந்து, நான் உள்ளே ஓடிவருவதற்குள் நேரம் முடிந்துபோகும். இப்படியே 19 நிமிடம். அடுத்து, தாண்ட முடியாத 12 நிமிட முன்கதை. ஹீரோவின் அண்ணனை யாரோ கொன்றுவிட்டார்கள், புரிந்தது, விடுங்கள்.

ஒருவழியாக விளையாட ஆரம்பித்தால் நடுவில் நெட் இரண்டு தடவை போனது. இரண்டு தடவையும் ‘சர்வர் தொடர்பு இல்லை’ என்று வெளியே தள்ளி, அந்தக் கரடியிடமே திரும்ப நிறுத்தினீர்கள். மூன்றாம் முறை உதைத்தபோது சிரிப்பு வரவில்லை, வேறு ஒன்று வந்தது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போய்வருகிறேன், ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. உங்கள் விளையாட்டு நாற்காலியில் உட்காரவைத்தே எடுக்க வைத்துவிட்டது. காரணம் தெரிந்துதான் எழுதுகிறேன். பார்வைக் கோணத்தை (ஃபீல்டு ஆஃப் வியூ), அதாவது திரையில் எவ்வளவு அகலத்துக்குக் காட்சி தெரியும் என்பதை, மிகக் குறுகலாகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். ஹாலில் எட்டடி தள்ளி டிவியில் பார்க்கிறவனுக்கு அது ஒத்துவரும். மேஜையில் இரண்டடி தூரத்தில் மானிட்டர் வைத்திருப்பவனுக்குக் குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கும். அதோடு ஒவ்வொரு அடிக்கும் தலை ஆடுகிறது, திரும்பினால் திரை முழுக்கக் கலங்குகிறது. ஓடுகிறோம் என்று கண் சொல்கிறது, உட்கார்ந்திருக்கிறோம் என்று காதின் உட்பகுதி சொல்கிறது. நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது.

இதை மாற்ற அமைப்புகளில் 15 நிமிடம் தேடினேன். ரத்தத்தின் நிறத்தை மாற்றலாம், ஹீரோவின் மீசையை மாற்றலாம். கோணத்தையும் தலையாட்டத்தையும் மாற்ற வழியில்லை. 1996-இல் வந்த குவேக் என்ற துப்பாக்கி விளையாட்டிலேயே ஒரு வரி தட்டினால் கோணம் மாறும். இத்தனைக்கும் உங்கள் விளம்பர வீடியோவில் துப்பாக்கி திரையின் ஓரத்தில் சின்னதாக அடங்கியிருக்கிறது. எனக்கு வந்ததில் கால்வாசித் திரையை அதுவே மறைக்கிறது.

மீதி 25 நிமிடம், விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டு நான் பாத்ரூமில் இருந்தது. அதையும் ‘விளையாடிய நேரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில், கடைசியில் ‘தொடர்ந்து மகிழ்ச்சியாக விளையாடுங்கள்’ என்ற வாழ்த்தோடு. எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மழை நாளில் பச்சை இலையை எடைக்குக் கொண்டுபோனால், தண்ணீருக்கு என்று சில கிலோவைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். அம்மா அங்கே நின்று சண்டை போடுவாள், அது வேறு கதை. ஆனால் அங்கே தண்ணீரும் இலையும் வேறு என்றாவது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் தண்ணீரை மட்டும் எடைபோட்டு இலை என்கிறீர்கள்.

நான் கேட்பது இரண்டில் ஒன்று. கோணத்தையும் தலையாட்டத்தையும் மாற்றும் வசதியை எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள், காத்திருக்கிறேன். முடியாது என்றால் ₹2,499-ஐத் திருப்பி அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுவேன். அதிலும் நடக்கவில்லை என்றால் ஊட்டி நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவன் குடியிருக்கிற ஊர்ப் பக்கமே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. எனக்கு ஒரு பஸ் டிக்கெட்தான் செலவு, உங்கள் வக்கீல்தான் மலை ஏறி வர வேண்டும். வரும்போது முன் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள்.

ஆர்டர் ரசீது, மூன்று பதில்களின் நகல், போனில் எடுத்த வீடியோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். வீடியோவில் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு நீல வாளி தெரியும். அதற்கு விளக்கம் மேலே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
கோத்தகிரி