உரம் தயாரிக்க ஊர்கூடிக் கற்போம்

ஆசிரியருக்கு வணக்கம்.

குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறினாலும், கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கின் நாற்றத்தோடு வாழும் வடசென்னைவாசிகளான எங்களில் பலருக்கு, பிரித்த காய்கறிக் கழிவை என்ன செய்வதென்று தெரிவதில்லை. மொட்டை மாடியில், அடியில் துளையிட்ட பழைய பெயின்ட் வாளியில் நான் உரம் போட்டபோது, முதல் முறை ஈரம் மிகுந்து, புழு வைத்து நாறியது. காய்ந்த சருகும் தென்னை நார்க்கழிவும் அடுக்கடுக்காகச் சேர்த்த பிறகே, மண்வாசனையோடு கறுப்பாக உதிர்ந்தது. இந்தப் பக்குவம் தெரியாமல்தான் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கிளை நூலகங்களிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் சனிக்கிழமைதோறும் செய்முறைப் பயிற்சி அளிப்பதோடு, 2003இல் கட்டாயமாக்கப்பட்டு இன்று எங்கள் தெருவில் மண் மூடிக் கிடக்கும் மழைநீர் சேகரிப்புக் குழிகளைத் தூர்வாரத் தேவையான கருவிகளையும் அங்கேயே இரவல் தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், வியாசர்பாடி