“ஒண்ணும் புரியல சித்தி” என்றவளுக்கு

அன்புள்ள பாப்பா,

ராத்திரி ஒன்றரை மணிக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் காலையில் காபி போடும்போதுதான் கேட்டேன். “சித்தி, ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ பார்த்து முடிச்சேன். ஒண்ணும் புரியல. ஆனா கடைசில அழுதுட்டேன். ஏன்னு தெரியல.” அரை மணி நேரம் கழித்து இன்னொன்று. மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் பார்த்தாயாம். பாதிப் பேர் மகா காவியம் என்கிறார்களாம், பாதிப் பேர் தூங்கிவிட்டோம் என்கிறார்களாம், யாரை நம்புவது என்று கேட்டிருந்தாய்.

வாட்ஸப்பில் எழுதினால் நாலு வரிக்கு மேல் நீ படிக்க மாட்டாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். (படம் பார்க்காத மற்றவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன்.)

புரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் நீ இல்லை. படத்தில் வேலை செய்தவர்களுக்கு முதன்முதலாகப் போட்டுக் காட்டியபோதே, “உங்களுக்குப் புரிந்திருக்காது, எனக்கே புரியாத இடங்கள் உண்டு” என்ற பொருளில் இந்த அனிமேஷன் படத்தை இயக்கிய ஹயாவோ மியாசாகி ஒரு வார்த்தை சொல்லியனுப்பினார். எடுத்தவரே அப்படிச் சொன்ன பிறகு நீ எதற்கு வெட்கப்பட வேண்டும்?

ஜப்பானில் 2023 ஜூலை 14 அன்று படம் வந்தது. டிரெய்லர் கிடையாது, கதைச்சுருக்கம் கிடையாது, குரல் கொடுத்தவர்கள் யார் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு பறவையின் தலை வரைந்த போஸ்டர் மட்டும். தயாரிப்பாளர் தோஷியோ சுசுகியின் முடிவு அது. 2013இல் ஓய்வு அறிவித்த மியாசாகி பத்து வருஷம் கழித்துத் திரும்பி வருகிறார், என்ன படம் என்று யாருக்கும் தெரியாது. கூட்டம் வந்தது. ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் மனதில் ஒரு படத்தை ஓட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். சிலர் மியாசாகியின் பழைய வெற்றிப்படம் ‘ஸ்பிரிட்டட் அவே’ மாதிரி இன்னொன்று என்று வந்தார்கள். சிலர் தலைப்பை வைத்து வந்தார்கள். ஜப்பானியத் தலைப்புக்கு ‘நீங்கள் எப்படி வாழ்வீர்கள்’ என்று பொருள். 1937இல் கென்சபுரோ யோஷினோ எழுதிய புத்தகத்தின் பெயர் அது. படத்தில் அந்தப் புத்தகம் ஒரே ஒரு காட்சியில் வருகிறது, அவ்வளவுதான், கதை வேறு. பாயசம் என்று நினைத்து வாயில் வைத்தது ரசமாக இருந்தால், ரசம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முகம் சுளிக்கத்தான் செய்யும். ‘ஸ்பிரிட்டட் அவே’ அங்கே 3,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. இது 900 கோடியைத் தாண்டியதோடு சரி.

வெளிநாட்டில் நிலைமை வேறு. டிசம்பரில் அமெரிக்காவில் வெளியானபோது அந்த வாரம் வசூலில் முதலிடம். மியாசாகியின் எந்தப் படமும் அதற்கு முன் அங்கே அந்த இடத்துக்கு வந்ததில்லை. 2024 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்தது, வாங்கிக்கொள்ள அவரும் வரவில்லை, சுசுகியும் வரவில்லை.

நீ பார்த்த “மகா காவியம்” கட்சியில் நிறையப் பேர் துப்பறிவாளர்கள். பையன் மஹிட்டோ நுழைகிற மாயக் கோபுரத்துக்குள் இருக்கும் கொள்ளுத்தாத்தா யார், அவனை அங்கே இழுக்கிற பேசும் நாரை யார் என்று கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்குப் படம் பார்ப்பது. இதில் பாதியை சுசுகியே சொல்லிவிட்டார்: பையன் மியாசாகி, நாரை சுசுகி, கொள்ளுத்தாத்தா இசாவோ தகாஹாட்டா. மியாசாகியை வளர்த்தெடுத்து, போட்டி போட்டு, 2018இல் இந்தப் படம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோன இயக்குநர் அவர். பையனின் அப்பா போர் விமானத்துக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலை நடத்துகிறாரே, மியாசாகியின் குடும்பமும் போர்க்காலத்தில் அதே தொழில்தான் செய்தது. இதெல்லாம் உண்மை, தெரிந்துகொண்டால் சுவாரசியம்தான். ஆனால் கொள்ளுத்தாத்தா அடுக்கும் 13 கற்களும் மியாசாகியின் 13 படங்கள் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறதே, நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அவர் இயக்கிய முழுநீளப் படங்கள் இதையும் சேர்த்து 12தான் வருகிறது. பதின்மூன்றாவதற்கு அவர்கள் எங்கெங்கோ அலைகிறார்கள்.

தூங்கிய கட்சியை நான் பழிக்க மாட்டேன். பின்பாதி நெரிசல். பெலிக்கன் வருகிறது, ‘வாராவாரா’ என்ற வெள்ளைக் குட்டி உருவங்கள் வருகின்றன, கத்தி தீட்டும் கிளிகள் வருகின்றன, கிளிகளுக்கு ஒரு ராஜா வருகிறான். கொள்ளுத்தாத்தாவின் உலகம் நொறுங்கும் இடம் அவசர அவசரமாக முடிகிறது. 2024 மே மாதம் இங்கே வந்தபோது தியேட்டரில் பார்த்தேன். கடைசிக் காட்சி முடிந்து பாட்டு தொடங்கியதும் எனக்குப் பின்வரிசையில் ஒருவர் “அவ்ளோதானா?” என்று சத்தமாகவே கேட்டார். எனக்கும் அதே கேள்விதான், வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஆனால் இரண்டு கட்சியும் கோபுரத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் குறை. எனக்குப் படம் அந்த வீட்டில் இருக்கிறது, மாடிப்படியில் இருக்கிறது. ராத்திரி அப்பா வந்த சத்தம் கேட்டு இறங்கி வருகிற மஹிட்டோ பாதிப் படியில் நின்றுவிடுகிறானே, கீழே அப்பாவும் நட்சுகோவும் நெருக்கமாக நிற்பது தெரிந்து சத்தமில்லாமல் திரும்பிப் போகிறானே, அங்கே.

அம்மா தோக்கியோ ஆஸ்பத்திரித் தீயில் போய்விட்டாள். அடுத்த வருஷமே அப்பா அம்மாவின் தங்கை நட்சுகோவைக் கட்டிக்கொண்டு, பையனை அவள் ஊருக்கு அழைத்துப் போகிறார். அவளோ அச்சு அசல் அம்மாவின் ஜாடை. முதல் சந்திப்பிலேயே அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து, உள்ளே குழந்தை இருக்கிறது என்கிறாள். மேற்கத்திய ரசிகர்கள் பலருக்கு இந்த உறவே உறுத்தியிருக்கிறது, இது என்ன விபரீதம் என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்து ஜப்பானில் அக்காள் இறந்தால் தங்கையைக் கட்டி வைப்பது நடக்கிற காரியம். நமக்கு மட்டும் என்ன, விளக்கவா வேண்டும்? உன் பாட்டி தலைமுறையில் எண்ணினால் நம் சொந்தத்திலேயே இரண்டு பேர் தேறுவார்கள்.

அதைவிட, நம் பாஷையிலேயே அது இருக்கிறது. அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. ஒருத்தி மடியில் தூக்கிக் கொஞ்சுகிறவள், இன்னொருத்தி கதைகளில் சோறு போடாமல் அடிக்கிறவள், இரண்டு பேருக்கும் ஒரே சொல். நட்சுகோ ஒரே ஆளாக இரண்டுமாக நிற்கிறாள். நாம் தமிழில் யோசித்தால் அவளை ஒரு சொல்லில் கூப்பிட்டுவிடலாம். மஹிட்டோவுக்கு அந்த வசதி இல்லை. “நட்சுகோ-சான்” என்று, பக்கத்து வீட்டு அக்காவைச் சொல்வதுபோல மரியாதையாகச் சொல்கிறான். அவள் உனக்கு யார் என்று கேட்டால், அப்பாவுக்குப் பிடித்தவர் என்கிறான். தனக்கு யார் என்று சொல்லவே மாட்டேன் என்கிறான். முரட்டுத்தனமாக ஒரு வார்த்தை பேசவில்லை, பார், அதுதான் கொடுமை. மசக்கையில் படுத்துக் கிடப்பவளைப் பார்க்கப் போனவன் கடமைக்கு எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறான். தன் தலையில் தானே கல்லால் அடித்துக்கொண்டு வந்து படுக்கிறான், விழுந்துவிட்டேன் என்கிறான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்ற பழி யார்மேல் விழும்? அக்காவிடம் எப்படி முகம் காட்டுவேன் என்று அவள்தான் தவிக்கிறாள்.

நட்சுகோவைப் பிடிக்கவே இல்லை, கோபுரத்து உலகின் பிரசவ அறையில், தேடி வந்தவனைப் பார்த்து “உன்னை வெறுக்கிறேன்” என்று கத்துகிறாளே என்று சொல்லியிருந்தாய். அந்த அறையை இன்னொரு முறை பார். வெளியாள் நுழையக் கூடாத இடம், நுழைந்தால் கல்லுக்கே கோபம் வருகிறது. தீட்டு என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதுவும் அந்நியமில்லை. அதற்குள் ஒருவன் வந்து நிற்கிறான், அதுவும் இத்தனை நாள் முகம் கொடுக்காதவன். வெள்ளைக் காகிதங்கள் பறந்து வந்து இரண்டு பேர் மேலும் அப்பிக்கொள்கின்றன. அவள் கத்துகிறாள். படத்தில் அவள் உண்மை பேசுகிற ஒரே இடம் அது. அதுவரை புடவை கலையாமல் புன்னகைக்கிற சித்தியாகவே இருந்தாள். (கிமோனோ என்று சொல்லியிருக்க வேண்டும், கை பழக்கம்.) அவள் அப்படிக் கத்திய பிறகுதான் அவன் வாயிலிருந்து “நட்சுகோ அம்மா” என்று வருகிறது. என் கட்சி இதுதான் பாப்பா. இரண்டு மணி நேரப் படமும் அவன் வாயில் அந்த ஒரு விளி வருவதற்காகத்தான். கிளிகளும் ராஜாவும் இடையில் வருகிற வழிப்போக்கர்கள்.

நட்சுகோவுக்கு இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருக்கலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கொடுத்திருக்கலாம்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன் தம்பி பிறந்தபோது உனக்கு நாலு வயது. உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் நீ என்னோடு இருந்தாய். அதுவரை வாய் ஓயாமல் “சித்தி சித்தி” என்று என் முந்தானையைப் பிடித்துத் திரிந்தவள், அந்த ஒன்பது நாளும் என்னைக் கூப்பிடவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவாய். “இங்க பாருங்க” என்பாய், பெரிய மனுஷி மாதிரி. நான் தலை வாரினால் திமிராமல் உட்கார்ந்திருப்பாய். அந்த ஒழுக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை. மஹிட்டோ ரிக்‌ஷாவில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பதைத் தியேட்டரில் பார்த்ததும் உன் பின்னந்தலைதான் ஞாபகம் வந்தது.

அழுகை ஏன் வந்தது என்று கேட்டாய். எனக்கு வந்த இடத்தைச் சொல்கிறேன். அவரவர் காலத்துக்குத் திரும்புகிற கதவுகளுக்கு முன்னால் நிற்கிறார்கள். கோபுரத்து உலகில் அவனுக்குத் துணையாக வந்த ஹிமிதான் அவனுடைய அம்மா, இன்னும் சிறுமி. உன் கதவு வழியே போனால் தீயில் செத்துப்போவாய் என்று அவன் சொல்லிவிட்டான். அவள் சிரிக்கிறாள், உன்னைப் பெறப் போகிறேன் என்றால் நல்லதுதானே என்கிறாள், போய்விடுகிறாள். தங்கையைத் தேடிக் கண்டுபிடித்துப் பையனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிற அக்கா. தகாஹாட்டா யார், 13 எது என்று தெரியாமலே உனக்கு அழுகை வந்திருக்கிறது. யாரை நம்புவது என்று கேட்டாயே, உன் கண்ணை நம்பு, போதும்.

தீபாவளிக்கு வரும்போது லேப்டாப் சார்ஜரை மறக்காதே, போன தடவை மறந்தாய். உன் அம்மாவையும் உட்கார வைத்து மூன்று பேருமாகப் பார்ப்போம். கிளிகள் வரும்போது அக்கா தூங்கிவிடுவாள், விட்டுவிடு. கதவுக் காட்சிக்கு நான் எழுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
சித்தி