குடும்பத்துக்குப் பத்து மதிப்பெண்: சமூகவியல் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்வாளர் அவர்களுக்கும், விடைக்குறிப்பு தயாரித்த பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். ‘குடும்பம் என்னும் சமூக நிறுவனத்தை மூன்று கோட்பாடுகளின் வழி விளக்குக’ என்ற பத்து மதிப்பெண் வினாவுக்கு இம்முறை திருத்தும் மையத்துக்கு வந்த விடைக்குறிப்பைப் பற்றியே இம்மடல். ஒரு நிறுவனம் சமூகத்துக்கு என்ன பணி செய்கிறது என்று பார்க்கும் செயல்பாட்டியத்துக்கு நான்கு குறிப்புகள், அதனால் யாருக்கு லாபம், யாருக்கு இழப்பு என்று கேட்கும் முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு மூன்று, மனிதர்கள் அன்றாடப் பேச்சிலும் பழக்கத்திலும் உறவுகளுக்குப் பொருள் தருவதைக் கவனிக்கும் குறியீட்டு இடைவினையியத்துக்கு மூன்று. குறிப்புக்கு ஒரு மதிப்பெண். முதலாவதில் எல்லாம் நன்மை, இரண்டாவதில் எல்லாம் சுரண்டல், மூன்றாவதில் ‘உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் பழகுகின்றனர்’. இதை மாற்றித் தாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

அந்த முதல் நான்கை எடுத்துக்கொள்வோம். பாலுறவு ஒழுங்கு, மகப்பேறு, பொருளாதாரம், கல்வி: 250 சமூகங்களை ஒப்பிட்டு 1949இல் மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் சொன்னவை. தனிக்குடும்பம் எங்கும் உண்டு, இந்த நான்கையும் அதுவே செய்கிறது என்பது அவர் வாதம். விடைக்குறிப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஒரு மாணவி அங்கே நிற்கவில்லை. நாயர் திருமணம் பற்றி 1959இல் மானிடவியலாளர் கேத்லீன் கஃப் எழுதியதைக் கொண்டுவந்தார். மத்திய கேரளத்தின் பழைய நாயர் தறவாடுகளில், அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பங்களில், கணவன் மனைவியோடு குடியிருக்கவில்லை. பிள்ளைக்குச் சோறு போட்டு வளர்த்தது தாய்வழிக் குடும்பம். வேலைகள் நடந்தன, செய்த அலகுதான் வேறு. ஒரு தேவை இருப்பதாலேயே அதை நிறைவேற்றும் நிறுவனம் இன்றியமையாததாகிவிடாது என்று அதே 1949இல், தாமும் செயல்பாட்டியரான ராபர்ட் மெர்ட்டன் எச்சரித்ததையும் சேர்த்தார். ஒரு பிரிவுக்குப் பயன்படும் அமைப்பு இன்னொரு பிரிவுக்குக் கேடாகலாம் என்ற மெர்ட்டனின் கருத்தை அடுத்த பத்தியில் வைத்தார். முதல் பத்திக்கு ‘குறிப்பில் இல்லை’. இரண்டாவதன் ஓரத்தில் சிவப்பு மையில் ‘இது முரண்பாட்டுக் கோட்பாடு’. இரண்டுக்கும் சேர்த்துச் சுழியம்.

திருத்தியவரைக் குறை சொல்லவில்லை. காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு என்று திருத்துபவர் கையில் இருக்கும் விடைக்குறிப்புத் தாளைத்தான் பார்ப்பார். அந்தத் தாளின்படி எமில் டர்கைமே தேர்வெழுதியிருந்தாலும் தேறியிருக்க மாட்டார். திருமணம் ஆணுக்குத் தரும் பாதுகாப்பைப் பெண்ணுக்குத் தரவில்லை என்று 1897இல் பிரெஞ்சுப் புள்ளிவிவரங்களைக் காட்டி எழுதியவர் அவர். செயல்பாட்டியத்தின் முன்னோடி தவறான பெட்டியில் விடை எழுதிவிட்டார்!

மற்ற இரண்டு பெட்டிகளும் இதே நிலைதான். ஒருதாரக் குடும்பத்தைத் தனிச்சொத்தின் வாரிசுரிமையோடு மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் 1884இல் இணைத்தார். அது ‘ஆண் பெண்ணைச் சுரண்டுகிறான்’ என்ற ஒரே வரியாகச் சுருங்கியிருக்கிறது. கணவனும் மனைவியும் பேசிப் பேசியே தங்களுக்கென ஓர் உலகைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று சமூகவியலாளர்கள் பெர்கரும் கெல்னரும் 1964இல் காட்டியது ‘பழகுகின்றனர்’ ஆகிவிட்டது. வீட்டு வேலைக்குக் கூலி ஏன் இல்லை என்று கேட்ட பெண்ணியத்துக்குப் பெட்டியே கிடையாது. பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் ‘விமர்சனச் சிந்தனையை வளர்த்தல்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வளர்வது என்னவோ கைடு வியாபாரம்தான். பத்துக் குறிப்பையும் கட்டம் போட்டு விற்கிறார்கள், வாங்கியவர் முழு மதிப்பெண் பெறுகிறார்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்தருள்க. கேட்பது ஒன்றுதான்: விடைக்குறிப்பை மாற்றுங்கள். ஒவ்வொரு கோட்பாடும் எழுப்பும் கேள்விக்கு மூன்று மதிப்பெண், சான்றுக்கு மூன்று, கொடுத்த சூழலில் பொருத்திப் பார்த்து அது எங்கே இடறுகிறது என்று காட்டுவதற்கு நான்கு. சூழலுக்குப் பஞ்சமில்லை. தாய் வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், பிள்ளையைப் பாட்டி வளர்க்கிறார் என்று கொடுங்கள். தாயின் வேலைகளில் எவை பாட்டிக்குக் கைமாறின, எவை மாறவில்லை என்று செயல்பாட்டியம் கேட்கும். மலிவான இந்த உழைப்பால் யார் வீடு செழிக்கிறது என்று முரண்பாட்டுக் கோட்பாடு கேட்கும். பிள்ளை யாரை ‘அம்மா’ என்கிறது, தொலைபேசியில் தாயிடம் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று இடைவினையியம் பார்க்கும்.

அடுத்த பருவத்துக்கான வினாத்தாள் அச்சுக்குப் போகுமுன் இந்த மாற்றத்தைச் செய்து, குறிப்பில் இல்லாத சரியான விடைக்கும் மதிப்பெண் உண்டு என்ற ஒரு வரியையும் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். இம்முறை திருத்திய தாள்களில் அந்த ஒரு வினாவையாவது மறுமதிப்பீடு செய்ய ஆணையிடுங்கள். அதற்கான கட்டணத்தை மாணவர்களிடம் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
சமூகவியல் ஆசிரியர்கள் சிலர்