முட்டையிடும் பருவத்தில் விதை மட்டி ஏன் அனுப்புவதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "மட்டியில் சதையே பிடிக்கவில்லையே, நோய் வந்துவிட்டதா?" என்று கோடைக் கடைசியில் பலர் கேட்கிறீர்கள். பெரும்பாலும் அது நோயல்ல, முட்டையிட்டு முடித்த மெலிவுதான். ஆனால் நோயும் அதே சமயத்தில்தான் தலைதூக்கும் என்பதால், விதை மட்டியை (திட்டில் விட்டு வளர்க்கும் இளம் மட்டி) அப்போது ஏன் அனுப்புவதில்லை என்று சொல்ல இந்த மடல்.

ஓதம் ஏறி வற்றும் சேற்று மணலில் வளரும் மணிலா மட்டி, வசந்தத்தில் நீர் சூடேறியதும் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. அந்த நேரத்தில் ஒன்றைத் திறந்து பாருங்கள். வயிற்றுப் பகுதி பால்வெள்ளையாகப் புடைத்து, உள்ளே இருக்கும் கரும்பழுப்புச் செரிமானச் சுரப்பியை மறைத்திருக்கும். ஆணா பெண்ணா என்பது ஓட்டைப் பார்த்தால் தெரியாது, நுண்ணோக்கிதான் சொல்லும். கோடையில் முட்டையும் விந்தும் நீரில் கலந்த பிறகு திறந்தால் சதை தளர்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும், கரும்பழுப்பு வெளியே தெரியும். ஓடு அதே அளவு, எடை மட்டும் குறைவு. தீனி கிடைத்தால் தேறிவிடும்.

பெர்கின்சஸ் ஓல்செனி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி வேறு கதை. 1981-இல் ஆஸ்திரேலியாவில் அபலோன் நத்தையில் கண்டறிந்து பெயரிட்டார்கள். மட்டியின் செவுளிலும், ஓட்டின் உட்புறத்தை ஒட்டிய மேலுறைச் சதையிலும் குடியேறும். இரத்த அணுக்கள் அதைச் சூழ்ந்துகொள்ளும்போது குண்டூசித் தலை போல வெள்ளைப் புள்ளிகள் எழும். வெதுநீரில் வேகமாகப் பெருகும். குளிரில் மந்தமாகுமே தவிர ஒழியாது. முட்டைக்குப் போக வேண்டிய சத்தை இது தின்றுவிடும். ஏற்கெனவே மெலிந்த மட்டி இதையும் தாங்குவது கடினம்.

தட்டைப்புழு வகைகளும் உண்டு. சில இனங்களின் இளம்பருவம் இனச்சுரப்பியையே நிரப்பி மட்டியை மலடாக்கிவிடும். ஆனால் அவற்றின் சுழற்சி முடிய மீனோ பறவையோ வேண்டும். பெர்கின்சஸுக்கு அப்படி இடையாள் தேவையில்லை, மட்டியிலிருந்து மட்டிக்கு நீர் வழியே நேராகப் பரவும். எங்களுக்குப் பெரிய கவலை இதுதான்: மட்டி வளர்க்கும் ஒரு திட்டிலிருந்து எடுத்து இன்னொன்றில் விதைக்கும்போது ஒட்டுண்ணியையும் சேர்த்து விதைத்துவிடலாம்.

சரி, நாங்கள் செய்வது இது. ஒவ்வொரு தொகுதியிலும் சில மட்டிகளின் செவுளை வெட்டி, தயோகிளைகோலேட் ஊடகத்தில் (ஒட்டுண்ணி இருந்தால் அதைப் பருக்க வைக்கும் திரவம்) இருட்டில் ஏறக்குறைய ஒரு வாரம் வைக்கிறோம். பிறகு அயோடின் சொட்டு விட்டால், ஒட்டுண்ணி இருந்தால் நீலக்கருப்பு உருண்டைகளாகத் தெரியும். இலேசான தொற்று சில சமயம் நழுவிப் போகும், அதனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பி இருப்பதில்லை. முட்டையிடும் பருவத்திலும் அதற்கடுத்து மட்டி தேறும் வரையிலும் விதை மட்டி அனுப்புவதையே நிறுத்திவிடுகிறோம். நீர் குளிர்ந்ததும் மறுபடி தொடங்குவோம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். செத்த மட்டிகளைத் திட்டிலேயே விடாதீர்கள். அழுகும் சதையிலிருந்து ஒட்டுண்ணி நீரில் இறங்கும். பொறுக்கி, கரையில் ஓதம் எட்டாத இடத்தில் புதையுங்கள். நெருக்கமாக விதைத்திருந்தால் கோடைக்கு முன்பே இடைவெளி விட்டுப் பரப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
விதை மட்டிப் பிரிவு